பதற்றத்துக்கு மாத்திரையா? பார்த்து, மெதுவா இறங்குங்க!

ஊட்டியில் பனி கொட்டிய ஒரு மார்கழிக் காலை. அறுபது வயதுப் பெரியவர் ஒருவரை அவர் மகள் என் வைத்தியசாலைக்கு அழைத்து வந்தார். ஸ்வெட்டர், மங்கி குல்லா, மேலே ஒரு கம்பளி. அப்படியும் கை நடுக்கம் நிற்கவில்லை.

"ரெண்டு நாளா ஒரே குளிர் நடுக்கம் டாக்டர். ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லே" என்றார் மகள்.

நாடி பார்க்கக் கையைப் பிடித்தேன். உள்ளங்கை வியர்வையில் நனைந்திருந்தது. ஊட்டிக் குளிரில் நடுங்குகிறவருக்கு வியர்க்குமா?

விசாரித்தேன். ஆறு வருஷமாகப் பதற்றத்துக்கு அல்பிரசோலம் மாத்திரை சாப்பிட்டவர், மூன்று நாள் முன்பு ஒரேயடியாக நிறுத்திவிட்டார். "இங்கிலீஷ் மருந்தை விட்டாச்சு. இனி உங்க சூரணம் போதும் டாக்டர்!" என்றார் பெருமையாக.

நான் சூரணம் கொடுக்கவில்லை. மாத்திரை எழுதிய டாக்டரிடமே அன்றைக்கே அனுப்பி வைத்தேன். பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்த நான் ஏன் அப்படிச் செய்தேன்?

பிரேக் இல்லாத வண்டி

பதற்றத்தை அடக்க நம் மூளையிலேயே ஒரு பிரேக் உண்டு. 'காபா' என்ற ரசாயனம்தான் அது. அல்பிரசோலம், டயஸிபாம், லோரஸிபாம், குளோனஸிபாம் போன்ற மாத்திரைகள் இந்த பிரேக்கை இன்னும் கொஞ்சம் அழுத்துகின்றன. மாதக்கணக்கில் இப்படி நடந்தால், மூளை தன் சொந்த பிரேக்கைத் தளர்த்திக்கொள்கிறது. அப்போது மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால்? கல்லட்டி இறக்கத்தில் பிரேக் போன வண்டிதான்! தூக்கமின்மை, நடுக்கம், வியர்வை, படபடப்பு, சின்னச் சத்தத்துக்கே எரிச்சல். சிலருக்கு வலிப்பே வந்துவிடும், உயிருக்கே ஆபத்து.

அல்பிரசோலம் என்றால் ஓரிரு நாளில் இந்தத் தொல்லை ஆரம்பிக்கும். டயஸிபாம் என்றால் ஒரு வாரம்கூட ஆகலாம். 'பழைய வியாதி திரும்பிவிட்டது' என்று பலர் பயந்துபோவது இதனால்தான்.

இரண்டாவது கியரில் இறங்குங்கள்

கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். கியரைக் குறைத்து, ஒவ்வொரு வளைவாகத்தான் இறங்கவேண்டும். மாத்திரையும் அப்படியே. இங்கிலாந்தில் நியூகாஸிலில் டாக்டர் ஹெதர் ஆஷ்டன் 1982 முதல் 1994 வரை இந்த மாத்திரைகளை விட விரும்புகிறவர்களுக்கென்றே கிளினிக் நடத்தினார். மெதுவாக, நோயாளியின் வேகத்துக்கு ஏற்றபடி குறைப்பதுதான் அவர் வழி. 2025-ல் அமெரிக்க மருத்துவ சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டியும், 2 முதல் 4 வாரத்துக்கு ஒரு முறை 5 முதல் 10 சதவீதம் குறைத்துத் தொடங்கலாம் என்கிறது.

உதாரணமாக, தினம் 10 மி.கி. டயஸிபாம் சாப்பிடுகிறவர் முதலில் 9 மி.கி.க்கு இறங்கலாம். ஆனால் 1 மி.கி.க்கு வந்தபின் அரை மி.கி. குறைத்தாலே பாதி போய்விடுகிறது! ஆகவே கடைசி வளைவுகளில்தான் அதிக நிதானம் வேண்டும். எந்த அளவு, எத்தனை மாதம் என்பதை உங்கள் டாக்டர்தான் முடிவு செய்யவேண்டும். வலிப்புக்காக இதே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாங்களாகக் கை வைக்கவே கூடாது.

இதையும் கவனியுங்கள்

• ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடாதீர்கள். மருந்தின் அளவு ஏறி இறங்கித் தொல்லை கூடும்.

• மெதுவாகக் கரையும் வகை மாத்திரையை உடைக்காதீர்கள்.

• நம் ஊர் டீ நல்ல டீதான். ஆனால் மதியத்துக்கு மேல் வேண்டாம். தூக்கத்தைக் கெடுக்கும், படபடப்பைக் கூட்டும்.

• 'குளிருக்கு ஒரு பெக்' கூடவே கூடாது. இந்த மாத்திரையோடு மது சேர்ந்தால் மூச்சே நின்றுபோகலாம்.

• அமுக்கரா சூரணமும் மயக்கத்தைக் கூட்டலாம். இரண்டு மருத்துவரிடமும் இரண்டு மருந்தையும் சொல்லுங்கள்.

• படபடப்பு அலை போல வரும், போகும். மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். படுக்கும் முன் வெதுவெதுப்பான நீரில் கால் வையுங்கள்.

• வலிப்பு, மனக்குழப்பம், இல்லாதது கண்ணில் தெரிவது, 'செத்துவிடலாம்' என்ற நினைப்பு - இதில் எது வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். மனசு பாரத்தைப் பேச 14416, டெலி மானஸ் இருக்கிறது, இலவசம்தான்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: "மாத்திரை இல்லாம உன்னால இருக்க முடியாதா?" என்று குத்திக் காட்டாதீர்கள். இது மனசுறுதி சம்பந்தப்பட்ட விஷயமல்ல. மூளை பழகிய பழக்கம்.

அந்தப் பெரியவருக்கு அவருடைய டாக்டர் மாத்திரையை மறுபடி ஆரம்பித்து, சிறுகச் சிறுகக் குறைத்தார். முழுதும் விட பதினான்கு மாதம் ஆனது. போன மார்கழியில் மார்க்கெட்டில் பார்த்தேன். கை லேசாக நடுங்கியது. பிடித்துப் பார்த்தேன். உள்ளங்கை சில்லென்று காய்ந்திருந்தது.

"பயப்படாதீங்க டாக்டர், இது நிஜமாவே குளிர்தான்!" என்று சிரித்தார்.