டிங்கி: காய்ச்சல் விட்ட அன்றுதான் கவனம் வேண்டும்

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ உடம்புச் சூடு இறங்கிவிடும். காய்ச்சல் விட்டுவிட்டது என்று வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. எம்.சி. முடிந்திருந்தால் மறுநாளே வேலைக்குப் புறப்பட்டுவிடுவார்கள். டிங்கியில் உயிருக்கு ஆபத்து வருவது பெரும்பாலும் சூடு இறங்கிய பிறகு வரும் 24 முதல் 48 மணி நேரத்தில்தான். ஜாசின், அலோர் காஜா பக்கத்துத் தோட்டங்களிலும் மலாக்கா நகரத்து அடுக்குமாடிகளிலும் வாழும் நம் குடும்பங்கள் இதை அறிந்திருக்க வேண்டும். 2019இல் மலேசியாவில் 1,30,101 பேருக்கு டிங்கி கண்டது. 182 பேர் இறந்தார்கள்.

ஆபத்து ரத்தக் குழாயின் உட்சுவரில் இருக்கிறது. ஒரே அடுக்காகப் படிந்த மெல்லிய செல்கள்தாம் அந்தச் சுவர். பக்கத்துப் பக்கத்துச் செல்களை கேட்ஹெரின் என்ற புரதம் ஜிப்பின் பற்களைப் போலக் கோத்துப் பிடிக்கிறது. அதன்மேல் சர்க்கரைச் சங்கிலிகளால் ஆன மெல்லிய பூச்சு ஒன்றும் உண்டு. ஆஞ்சியோபொய்ட்டின்-1 என்ற புரதம் சுவரை இறுக்கமாக வைக்கிறது. ஆஞ்சியோபொய்ட்டின்-2 அதைத் தளர்த்துகிறது. உடம்பு நலமாக இருக்கும்போது தேவைக்கு ஏற்ப இவை இரண்டும் ஒத்துப்போகும்.

டிங்கிக் கிருமி பற்றிய செல்கள் என்.எஸ்.1 என்ற புரதத்தை ரத்தத்தில் விடுகின்றன. கிளினிக்கில் விரைவுச் சோதனையில் தேடுவது இதைத்தான். கிருமியே இல்லாமல் இந்தப் புரதம் மட்டும் இருந்தாலும் குழாய்ச் சுவர் கசியும் என்று 2015இல் ஆய்வகச் செல்களிலும் எலிகளிலும் காட்டினார்கள். அது சர்க்கரைப் பூச்சை அரிக்கிறது. கிருமியை எதிர்க்க நம் உடம்பே சுரக்கும் புரதங்களும் சேர்ந்துகொள்ள, செல்களின் பிடிப்பு தளர்கிறது. ரத்தத்தின் நீர் வயிற்றுக்குள்ளும் நெஞ்சுக்குள்ளும் கசிகிறது. சிவப்பணுக்கள் உள்ளேயே தங்குவதால் ரத்தம் கெட்டியாகிறது. இந்தக் கசிவு தானாகவே நின்றுவிடும். அதுவரை நோயாளியைத் தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை. கசிவை நிறுத்த மருந்து இன்னும் வரவில்லை.

நம் வீடுகளில் பேச்செல்லாம் தட்டணுவைப் பற்றித்தான்: "பிளேட்லெட் எவ்வளவு?" எனக்கு இது பெரிய கவலை. ரத்தச் சோதனைத் தாளில், ரத்தம் எவ்வளவு கெட்டி என்று காட்டும் எச்.சி.டி. என்ற இன்னொரு வரி இருக்கும். முதல் நாள் 40 இருந்தது 48 ஆனால் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிட்டது. கசிவு நடக்கிறது என்று பொருள். தட்டணு இறங்க இறங்க எச்.சி.டி. ஏறினால் வீட்டில் இருக்கவே கூடாது. பப்பாளி இலைச் சாறு தட்டணுவைக் கொஞ்சம் உயர்த்தலாம் என்று நம் நாட்டு ஆய்வும் உண்டு. ஆனால் சாறு கசிவை அடைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அதை நம்பி மருத்துவமனைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

விடாத வயிற்று வலி, அடிக்கடி வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், காரணமில்லாத படபடப்பு அல்லது சோர்வு, சில்லிட்ட கை கால், குறைந்த சிறுநீர் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் இரவானாலும் 999ஐ அழையுங்கள். நோயாளி தெளிவாகப் பேசுகிறாரே என்று ஏமாற வேண்டாம். அதிர்ச்சி நிலையிலும் சிலர் நன்றாகப் பேசுவார்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் போதும். ஆஸ்பிரின், இபுபுரோஃபன் வேண்டவே வேண்டாம். இன்னொரு பாட்டில் டிரிப் ஏற்றச் சொல்லி டாக்டரை நெருக்கவும் வேண்டாம். கசிந்த நீர் ஓரிரு நாளில் ரத்தத்துக்குத் திரும்பும்போது, அளவுக்கு மிஞ்சி ஏற்றியது நுரையீரலில் தேங்கும்.

இனிப்பு நீர் உள்ளவர்கள் இன்னும் முன்கூட்டியே போக வேண்டும். நெடுநாள் சர்க்கரை ரத்தக் குழாயின் அந்தப் பூச்சை ஏற்கனவே மெலிதாக்கியிருக்கும். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசிய இந்தியப் பெரியவர்களில் 100க்கு 31 பேருக்கு இந்த நோய் இருந்தது.

வேலைக்குப் போகாமல் ஓய்வெடுக்கச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. மருத்துவ விடுப்பு ஆண்டுக்கு 14 நாள். 2 ஆண்டு வேலை செய்தவருக்கு 18, 5 ஆண்டு தாண்டினால் 22. மருத்துவமனையில் சேர்ந்தால் 60 நாள் வரை. எல்லாம் சம்பளத்தோடு. ஆனால் 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவித்திருக்க வேண்டும். இல்லையென்றால் சொல்லாமல் நின்றதாகிவிடும். மண்டோரிடம் வாய்வார்த்தையாகச் சொன்னது பிறகு நிற்காது. எம்.சி.யைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, அந்தச் செய்தியை அழிக்காமல் வைத்திருங்கள்.

டாக்டர் வீட்டுக்கு அனுப்பினாலும் தினமும் ரத்தம் பார்க்க வரச் சொல்வது வழக்கம். அப்படிச் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். சோதனைத் தாளின் நகலையும் கேட்டு வாங்குங்கள். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி. டிங்கி என்று கண்டால் டாக்டர் சுகாதார இலாகாவுக்கு அறிவிப்பது 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம். அந்த அறிவிப்பை வைத்துத்தான் புகையடிப்பும் லயத்துச் சோதனையும் நடக்கின்றன.

கொசு முட்டையிடும் இடங்கள் தோட்டத்தில் ஏராளம்: கவிழ்க்காமல் விட்ட பால் மங்கு, பழைய டயர், மூடாத தண்ணீர்த் தொட்டி, லயத்துக்குப் பின்னால் அடைத்த கால்வாய். ஏடிஸ் புழு வளரவிட்டால் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனை உண்டு. அது குடியிருப்பவருக்கும் பொருந்தும், தோட்ட நிர்வாகத்துக்கும் பொருந்தும். லயத்து வீடுகளைப் பழுது பார்த்துச் சுத்தமாக வைப்பது 1990ஆம் ஆண்டு வீடமைப்புத் தரச் சட்டப்படி முதலாளியின் கடமை. நிர்வாகம் கண்டுகொள்ளாவிட்டால் கால்வாயின் படத்தையும் தேதியையும் சேர்த்து, நாலைந்து குடும்பங்கள் கையெழுத்திட்டுத் தொழிலாளர் இலாகாவில் மனு கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை உங்கள் நகலிலும் குத்தி வாங்கிக்கொள்ளுங்கள்.