கடைத்தொகுதிக்கேற்ற தட்டைக்கூரை

2009இல் போர் ஓய்ந்தபின் கிளிநொச்சிக் கண்டி வீதியில் மீண்டெழுந்த கடைகளுட் பல கொங்கிறீற்றுத் தட்டைக்கூரை உடையன. பின்னொருகால் மேல்மாடி எழுப்பும் எண்ணமே பெரிதும் காரணம். வன்னி வெயிலில் விரிந்தும் இரவிற் சுருங்கியும் வருந் தட்டு நுண்ணிய வெடிப்புக் கொள்ளும். ஐப்பசி மாரி அதனூடிறங்கிக் கம்பியைத் துருவேற்ற, துருவேறிய கம்பி பருத்துச் சீமெந்தைப் பெயர்க்கும். சீனிமூட்டை நனைந்த பின்னரே வணிகர் மேலே நோக்குவர்!

மேற்பூச்சை ஆராயுமுன் வாட்டத்தை ஆராய்தல் வேண்டும். 80 அடிக்கு ஓரடியேனும் சரிவின்றேல் விலையுயர்ந்த பூச்சும் தேங்குநீருக்கு நெடுநாள் நில்லாது. தமிழ்நாட்டார் செங்கற்சல்லியைச் சுண்ணாம்புடன் இடித்துப் பரப்பித் தட்டோடு பதிப்பர். அது பாரமாயினும் வெப்பத்தையும் தடுக்கும். அப்பாரத்தை அத்திவாரத்திலேயே கணக்கிடல் வேண்டும். மேல்மாடி கருதுவோர்க்கோ அது வீண்செலவு; அவர் தார் தோய்ந்த தாள் ஒட்டி, புரட்டாதிதோறும் நீர்போகு வழிகளையும் பொருத்துக்களையும் செவ்வைபார்த்தலே தகும்.