ஈருருளியும் ஈகையும்

ஈகையைப் போற்றாத சமயமுமில்லை, சமுதாயமுமில்லை. ஆயினும், ஈயும் முறை காலத்துக்குக் காலம், நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றது. உலையிலிடும் அரிசியில் நாடோறும் ஒரு பிடியை வேறாக எடுத்துவைத்துப் பொதுப்பணிக்கு உதவுதல் நம் முன்னோர் கண்ட முறை. பிடியரிசி என்னும் அவ்வழக்கத்தைப் பழைய மாணவர்க்கு விளக்க வேண்டுவதில்லை. மேலைநாடுகளிலே கடந்த அரை நூற்றாண்டாக வேறொரு முறை வளர்ந்துள்ளது. பலர் ஒருங்குகூடித் துவிச்சக்கரவண்டியில் நெடுந்தூரம் பயணஞ்செய்து, அதன்பொருட்டு உற்றாரிடமும் நண்பரிடமும் பணந்திரட்டி, அதனை ஒரு நற்பணிக்கு ஒப்படைக்கின்றனர். மிதிப்பதனாற் பணம் எவ்வாறு உண்டாகும்? கொடுக்க விரும்புவோர் வீட்டிலிருந்தவாறே கொடுத்தலாகாதோ? இவ்வினாக்களுக்கு விடைகாணச் சிறந்த எடுத்துக்காட்டொன்றை ஆராய்வாம்.

ஐக்கிய அமெரிக்காவின் மசாச்சூசெற்ஸ் மாநிலத்திலே வாழ்ந்த பில்லி ஸ்ரார் என்னும் இளைஞர், 1974ஆம் ஆண்டிலே தம் அன்னையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். 1980இல் அவருடன் சேர்ந்து 36 பேர், ஸ்பிறிங்பீல்ட் நகரிலிருந்து கேப் கொட் தீபகற்பத்தின் நுனியிலுள்ள புரொவின்ஸ்ரவுண் வரை, 200 மைலுக்கு மேற்பட்ட தூரத்தைத் துவிச்சக்கரவண்டியிற் கடந்தனர். அன்று திரண்ட தொகை 10,200 டொலர். பான்-மாஸ் சலெஞ்ச் எனப் பெயர்பெற்ற அப்பயணம் அன்றுதொட்டுத் தொடர்ந்து வருகின்றது. கொள்ளைநோய் பரவிய 2020இற்கூட, கூட்டமாகச் செல்லாது அவரவர் தத்தம் இடத்திலேயே வண்டியோட்டிப் பணந்திரட்டினர். இன்று ஆகஸ்ட் மாத முதல் வாரவிறுதியில் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் இதிற் பங்குகொள்கின்றனர். திரட்டிய மொத்தத் தொகை 2024இல் நூறு கோடி டொலரைக் கடந்தது.

இப்பணம் முழுவதும் பொஸ்ரன் நகரிலுள்ள டானா-பார்பர் புற்றுநோய் நிலையத்துக்கே செல்கின்றது. 1947இல் அதற்கு அடித்தளமிட்டவர் சிட்னி பார்பர் என்னும் மருத்துவர். இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு அமினொப்ரெரின் என்னும் மருந்தைக் கொடுத்தபோது நோய் சிறிதுகாலம் தணிந்ததென அவர் 1948இல் உலகுக்கு அறிவித்தார். புற்றுநோயை மருந்தினால் எதிர்க்கலாம் என்னும் நம்பிக்கைக்கு அது வித்தாயிற்று. அம்மருந்தை அவருக்கு அளித்த ஆய்வுக்குழுவின் தலைவர் யெல்லாப்பிரகடா சுப்பாராவ். ஆந்திர நாட்டுப் பீமவரத்திலே 1895இற் பிறந்த அவர், சென்னை இந்து உயர்தரப் பள்ளியிலிருந்து மூன்றாம் முறையே மெட்றிக்குலேசன் தேர்விற் சித்திபெற்றவர். பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியிற் கற்றவர். தேர்விற் பின்தங்கிய மாணவர் மனந்தளரற்க என்பதற்கு அவர் வாழ்வே சான்றாகும்.

இனி, பணம் திரளும் வகையை நோக்குவாம். பயணத்திற் சேர்வோர் பதிவுக் கட்டணம் செலுத்துவதோடு, இத்துணைத் தொகையேனும் திரட்டித் தருவேன் எனவும் உறுதி கூறவேண்டும். நெடும்பயணத்துக்கு அது சில ஆயிரம் டொலராகும். குறித்த நாளில் அத்தொகை நிரம்பாவிடின், குறையைத் தம் கைப்பணத்தால் நிரப்புதல் அவர் கடன். ஒருவர் அறுபது பேரை அணுகி, ஒவ்வொருவரும் நூறு டொலர் ஈவராயின், ஆறாயிரம் டொலர் சேர்ந்துவிடும். அவர் தனித்து ஈந்திருப்பின் அதில் ஒரு சிறு பங்கே கிடைத்திருக்கும். வண்டி பணத்தை ஆக்குவதில்லை. கொடுப்போர் தொகையைப் பெருக்குகின்றது. முதல் வினாவுக்கு இதுவே விடை.

இரண்டாம் வினாவுக்கு விடை மனித இயல்பிலே உளது. தன்பொருட்டு இரத்தலுக்கு நாணுபவன் பிறர்பொருட்டு இரத்தலுக்கு நாணான். அதிலும், தான் உடல் வருந்த முன்வந்தபின் அவன் சொல்லுக்கு வலிமை மிகும். கேட்கப்படுபவரும், 'இவன் இருநூறு மைல் மிதிக்கின்றான்; நான் என் பையைத் திறத்தலாகாதோ' எனக் கருதுவர். மேலும், புற்றுநோயிலிருந்து மீண்டோர் பலர் இப்பயணத்திலே தாமே வண்டியோட்டுகின்றனர். சிகிச்சைபெறும் குழந்தை ஒன்றனைத் தோழராக ஏற்று, அக்குழந்தைக்காகவே மிதிக்கும் குழுவினரும் உளர். வீட்டிலிருந்து அனுப்பும் காசோலைக்கு இத்தகைய முகம் இல்லை.

கூட்டமாகச் செல்லுதலில் வேறொரு நயமும் உண்டு. வேகம் மிகுந்தோறும் வண்டியோட்டியை எதிர்ப்பது பெரும்பாலும் காற்றே. முன்னே செல்பவர் அக்காற்றைக் கிழித்துச் செல்ல, அணுக்கமாகப் பின்தொடர்பவருக்கு ஏறக்குறைய நான்கிலொரு பங்கு உழைப்பேனும் மிச்சமாகும். ஆகவே, நன்கு பயின்ற குழுவினர் முறைமாறி முன்சென்று காற்றின் சுமையைப் பங்கிட்டுக்கொள்வர். நெருங்கிச் செல்வதனால், பள்ளத்தையும் திருப்பத்தையும் முன்செல்பவர் கையாற் காட்டிப் பின்வருவோரைக் காத்தல் வேண்டும். துன்பத்தைப் பகிர்ந்தால் அது குறையும் என்பதற்கு இயற்கையே தரும் பாடம் இது.

எனினும், இம்முறைக்கு ஓர் இடருண்டு. உணவு, தங்குமிடம், மருத்துவம், வழிக்காவல் ஆகியவற்றுக்குப் பெருஞ்செலவாகும்; கவனக்குறைவாக நடத்தினால் அறத்துக்கென வந்த பணம் ஏற்பாட்டிலே கரைந்துபோம். கலிபோர்னியாவிலே எயிட்ஸ் நோயாளருக்காக 1994இல் தொடங்கிய நீண்ட பயணம் இத்தகைய கண்டனத்துக்கு உள்ளாயிற்று. 2002முதல், உதவிபெறும் நிறுவனங்களே சான் பிரான்சிஸ்கோவிலிருந்து லொஸ் ஏஞ்சலஸ் வரை 545 மைல் பயணத்தைத் தாமே நடத்தின. 2025இல் அதுவும் நிறைவெய்தியது. மசாச்சூசெற்ஸ் பயணத்தாரோ, செலவுகளைப் பதிவுக் கட்டணத்தாலும் வணிக நிறுவனங்களின் உதவியாலும் ஈடுசெய்து, 2007முதல் வண்டியோட்டிகள் திரட்டும் ஒவ்வொரு டொலரையும் குறையாது ஒப்படைத்து வருகின்றனர். கணக்கிலே தூய்மை உள்ளவரையே ஈகையிலே நம்பிக்கை நிலைக்கும்.

நம் நாடும் இந்நெறியை அறியாததன்று. 2011ஆம் ஆண்டிலே தெற்கே தேவேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை கால்நடையாகச் சென்று, தெல்லிப்பழையிற் புற்றுநோய் வைத்தியசாலை எழுப்புதற்குப் பணந்திரட்டினர். 2016இல் மறுவழியாகப் பருத்தித்துறையினின்று புறப்பட்டுத் தெற்கே கராப்பிட்டியிலமையும் வைத்தியசாலைக்காக நடந்தனர். தெற்கு வடக்குக்காகவும், வடக்கு தெற்குக்காகவும் வழிநடந்த அச்செயலின் பொருளை மாணவர் உணர்தல் வேண்டும்.

துவிச்சக்கரவண்டி நம்மவர்க்குப் புதிதன்று. கல்லூரிக்கு அதில் வந்துபோனவர் பலர். நன்னோக்கமும், நேரிய கணக்கும், ஒருவர் களைத்தபோது மற்றொருவர் முன்சென்று காற்றைத் தாங்கும் மனமும் அதனோடு கூடுமாயின், அதுவும் அறத்தின் ஊர்தியாகும். பிடியரிசியை ஒத்ததே இதுவும்: ஒவ்வொருவர் தருவதும் சிறிது; திரள்வதோ பெரிது.