கோபம் ஜூஜூவாடியைத் தாண்டும்போது

காதல் முறிந்தவருக்குக் கோபம் வரக்கூடாது என்று இந்தியாவில் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அழலாம், நண்பனிடம் விடிய விடியப் புலம்பலாம், எண்ணை பிளாக் செய்யலாம், "இனி என் முகத்திலேயே முழிக்காதே" என்று ஒரு முறை சொல்லிவிட்டுப் போகலாம். அதற்கு மேல் அனுப்பும் ஒவ்வொரு செய்தியையும்தான் சட்டம் உற்றுப் பார்க்கிறது.

ஓசூரில் அப்படி அனுப்பிவிடச் சந்தர்ப்பம் அதிகம். எங்கெங்கோ இருந்து வேலைக்கு வந்த இளைஞர்களும் இளம்பெண்களும் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றி ஹாஸ்டலிலும் வாடகை அறையிலும் தங்கியிருக்கிறார்கள். ஒரே கம்பெனி பஸ், ஒரே கேண்டீன். ராத்திரி பிரிந்தவர்கள் காலை ஷிப்ட்டில் எதிரெதிரே நிற்க வேண்டியிருக்கும். வேலையை மாற்றிக்கொண்டு பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போனால்கூட, மாநில எல்லையில் இருக்கும் ஜூஜூவாடி, அத்திப்பள்ளி தாண்டினால் வந்துவிடுகிற தூரம்தான்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 78-வது பிரிவு, பெண்ணைப் பின்தொடர்வதைப் பற்றியது. அவள் தனக்கு விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் ஓர் ஆண் திரும்பத் திரும்பத் தொடர்புகொண்டால், அல்லது தொடர்புகொள்ள முயன்றால் அது குற்றம். முதல் முறைக்கு மூன்று ஆண்டு வரை சிறை, மறுபடி செய்தால் ஐந்து ஆண்டு வரை. திட்டினானா கொஞ்சினானா என்று இந்தப் பிரிவு கேட்பதில்லை. "மன்னிப்புக் கேட்கத்தான் சார் போனேன்" என்று காவல் நிலையத்தில் சொல்வது பெரிதாக உதவாது. ஒரே ஷிப்ட்டில் எதிர்ப்படுவது பின்தொடர்வது ஆகாது. வார விடுமுறையன்று அவள் ஹாஸ்டல் கேட்டில் போய்ப் போய் நின்றால் ஆகும். அவளுடைய இணையப் பயன்பாட்டைக் கண்காணிப்பதும் இதே பிரிவில் வருகிறது. காதலித்த நாட்களில் கொடுத்த பாஸ்வேர்டை வைத்து, யாருடன் பேசுகிறாள் என்று பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

படங்கள் விஷயத்தில்தான் பலரும் தவறான நம்பிக்கையில் இருக்கிறார்கள். "அவளேதான் அனுப்பினாள், அப்புறம் என்ன?" என்பார்கள். 77-வது பிரிவின் விளக்கம் இதற்கு நேராகவே பதில் வைத்திருக்கிறது: எடுக்கச் சம்மதித்தவள் பரப்பச் சம்மதித்ததாக ஆகாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு மூன்று ஆண்டு வரையும், பாலியல் காட்சிகளுக்கான 67ஏ பிரிவு முதல் குற்றத்துக்கு ஐந்து ஆண்டு வரையும் சிறை தருகின்றன. இதெல்லாம் ஏட்டில் மட்டும் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். உறவைத் தொடர மறுத்த பெண்ணின் அந்தரங்கக் காட்சிகளை இணையத்தில் ஏற்றிய இளைஞருக்கு, மேற்கு வங்கத்தின் தம்லுக் நீதிமன்றம் 2018 மார்ச்சில் ஐந்து ஆண்டு சிறை விதித்தது.

தண்டனை கிடைத்தாலும் படம் திரும்பி வராது. 2025 ஜூலையில் ஒரு பெண் வழக்கறிஞர் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தார். முன்னாள் காதலன் வழியாகப் பரவிய அவருடைய படங்களை 48 மணி நேரத்தில் நீக்க நடவடிக்கை எடுக்கும்படி நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் மத்திய தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கு உத்தரவிட்டார். அதன் பிறகும் ஒரு தளத்தில் எடுத்தால் வேறொன்றில் முளைத்தது. சட்டம் படித்தவருக்கே இந்த நிலை என்றால், அசெம்பிளி லைனில் நிற்கும் பெண்ணின் பாட்டை யோசித்துப் பாருங்கள். "எனக்கு வந்துச்சு, ஃபார்வர்டு பண்ணேன்" என்று சொல்லும் நண்பனும் தப்ப முடியாது. பரப்புகிறவர் எல்லோருக்கும் அதே பிரிவுகள்தான்.

மிரட்டலுக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-வது பிரிவு. சாதாரண மிரட்டலுக்கு இரண்டு ஆண்டு வரை சிறை. கொன்றுவிடுவேன் என்றாலோ, "நடத்தை கெட்டவள்னு ஊரெல்லாம் சொல்லுவேன்" என்றாலோ ஏழு ஆண்டு வரை போகும். படத்தைக் காட்டிப் பணம் கேட்டால் அது 308-வது பிரிவின்படி மிரட்டிப் பறித்தல். அதற்கும் ஏழு ஆண்டு வரை. இங்கே பணத் தகராறும் சேர்ந்தே வரும். இஎம்ஐயில் வாங்கிக் கொடுத்த போன் அவளிடம், தவணை இவன் கணக்கில். அன்பளிப்பாகக் கொடுத்தது கொடுத்ததுதான். கடனாகக் கொடுத்ததற்கு ஆதாரம் இருந்தால் வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம், உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் "போனைத் தா, இல்லேன்னா போட்டோ போகும்" என்று ஒரு வரி அனுப்பிவிட்டால், நியாயம் கேட்டு வந்தவர் குற்றவாளிக் கூண்டில் நிற்பார்.

77, 78 இரண்டும் பாதிக்கப்பட்ட பெண்களுக்கானவை. ஆனால் மிரட்டல், பறித்தல், அவதூறு, தகவல் தொழில்நுட்பச் சட்டப் பிரிவுகள் எல்லாம் ஆணுக்கும் பொருந்தும். பழைய காதலி படத்தை அனுப்பி மிரட்டினால் அவனும் புகார் கொடுக்கலாம். வெட்கப்பட்டுக்கொண்டு பலர் கொடுப்பதில்லை.

அப்படியானால் நடந்ததை வெளியே சொல்லவே கூடாதா? சொல்லலாம். அடிபட்டவள், ஏமாற்றப்பட்டவன், தனக்கு நேர்ந்ததைத் தன் வாயால் சொல்வதைக் குற்றம் என்று அடக்கிவிட முடியாது. தன்னிடம் பாலியல்ரீதியாகத் தவறாக நடந்துகொண்டதாகச் சொன்ன பத்திரிகையாளர் பிரியா ரமணி மீது முன்னாள் மத்திய அமைச்சர் எம்.ஜே. அக்பர் போட்ட அவதூறு வழக்கில், எத்தனை ஆண்டு கழித்தும் எந்த மேடையிலும் தன் குறையைச் சொல்லப் பெண்ணுக்கு உரிமை உண்டு என்று கூறி, 2021 பிப்ரவரி 17 அன்று டெல்லி நீதிமன்றம் பிரியாவை விடுவித்தது. அதற்காக எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்று இல்லை. குற்றவியல் அவதூறு வழக்கில் உண்மை என்பது மட்டுமே போதாது, அதைச் சொன்னதில் பொது நன்மையும் இருக்க வேண்டும். அவளுக்கு முன்பு யாருடன் பழக்கம், அவன் வீட்டில் என்ன நோய் என்பதை ஸ்டேட்டஸில் போடுவதில் என்ன பொது நன்மை? நம்பிக்கையில் காதோடு சொன்னதை ஆயுதமாக்குவது, சட்டம் விட்டாலும், கேவலம் என்பது என் கருத்து.

"நீ பேசலேன்னா செத்துடுவேன்" என்பதையும் அந்த வரிசையிலேயே வைக்கிறேன். கேட்பவரின் கழுத்தில் கயிற்றை மாட்டுகிற பேச்சு அது. உண்மையிலேயே அந்த எண்ணம் வந்தால் 104 உதவி எண்ணை அழைத்துப் பேசலாம். பிரிந்து போனதே தற்கொலைக்குத் தூண்டியதாகிவிடாது என்று, கர்நாடகத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஒருவர் வேண்டாம் என்று விலகுவது அவர் உரிமை.

இனி மாநில எல்லைக் குழப்பத்துக்கு வருவோம். "பையன் பெங்களூரு, அங்க போய் கம்ப்ளெயின்ட் கொடும்மா" என்று சொல்லித் திருப்பி அனுப்புவது செல்லாது. குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகாரைப் பெற வேண்டும் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு. ஜீரோ எஃப்ஐஆர் என்று சொல்வது இதைத்தான். செயல் நடந்த இடத்திலும் அதன் விளைவு விழுந்த இடத்திலும் வழக்கை விசாரிக்கலாம் என்கிறது 199-வது பிரிவு. செய்தி கர்நாடகப் பக்கம் உள்ள பொம்மசந்திராவில் இருந்து கிளம்பியிருந்தாலும், ஓசூர் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் தாராளமாகப் புகார் கொடுக்கலாம். உதவி எண்கள்: இணையக் குற்றங்களுக்கு 1930, பெண்களுக்கு 181.

தொழிற்பேட்டைக்காரர்கள் மறந்துவிடும் இன்னொரு கதவு உண்டு. 2013-இல் வந்த பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில், கம்பெனி ஏற்பாடு செய்யும் பஸ்ஸும் பணியிடம்தான். பழைய காதலன் அந்த பஸ்ஸில் வந்து பாலியல்ரீதியாகத் தொல்லை கொடுத்தால் கம்பெனியின் உள்ளகக் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் சின்னப் பட்டறை என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். எங்கே போவதானாலும், கோபத்தில் சாட் முழுவதையும் அழித்துவிட்டுப் போகாதீர்கள். எண்ணும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு, அப்புறம் பிளாக் செய்யுங்கள்.