டிஸ்னிக்கு அப்பால் ஒரு நாள்

அமெரிக்காவில் வாழும் பிள்ளைகளைக் காணச் செல்லும் பெற்றோர் பலர் ஃபிளாரிடாவின் ஆர்லாண்டோவுக்கும் அழைத்துச் செல்லப்படுகின்றனர். 1971-இல் திறக்கப்பட்ட வால்ட் டிஸ்னி உலகம் அங்குதான் உள்ளது. பேரப்பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம். முதியோருக்கோ வெயிலும் வரிசையுமே மிச்சம். அன்பர்களே, ஒரு நாளையேனும் நகருக்கு வடக்கேயுள்ள விண்டர் பார்க்கிற்கு ஒதுக்குங்கள்.

வார நாள்களில் புறநகர் ரயிலிலேயே செல்லலாம். நிலையத்தை ஒட்டியே மரநிழல் நிறைந்த பூங்கா, அதற்கப்பால் கடைத்தெரு. அருகிலுள்ள ஏரியில் 1938 முதல் ஒரு மணி நேரப் படகுச் சவாரி நடைபெறுகிறது. முற்காலத்தில் மரத்தடிகளை மிதக்கவிட்ட குறுகிய கால்வாய்களின் வழியே படகு ஏரிவிட்டு ஏரி செல்லும். முழங்கால் வலியுள்ளோருக்கும் ஏற்றது!

மார்ஸ் அருங்காட்சியகத்தைத் தவறவிடலாகாது. கண்ணாடிக் கலைஞர் டிஃபனி 1893-ஆம் ஆண்டுச் சிகாகோ கண்காட்சிக்கென அமைத்த சிற்றாலயம் அங்குள்ளது. வண்ணக் கண்ணாடிச் சில்லுகள் பதித்த வளைவுகள். மேலே சிலுவை வடிவில் தொங்கும் பச்சை விளக்கு. நியூயார்க்கில் ஆங்கிலிக்கன் பேராலயமொன்றின் நிலவறையில் ஈரத்தில் சிதைந்துகிடந்த அதனை டிஃபனியே மீட்டுத் தம் மாளிகை வளாகத்தில் நிறுவினார். அவர் மறைந்தபின், 1957-இல் மாளிகை தீக்கிரையாயிற்று. சிற்றாலயத்தில் எஞ்சியவற்றை மெக்கீன் தம்பதியர் வாங்கிக் காத்தனர். இருமுறை கைவிடப்பட்ட அவ்வாலயம் 1999 முதல் மக்கள் பார்வைக்கு உள்ளது. திங்கட்கிழமைகளில் மட்டும் செல்லாதீர்கள், கதவு மூடியிருக்கும்.