ஊதலும் அதன் கயிறும்

சங்கத்தின் நெற்கிடங்கை இரவிற் காக்கும் காவற்காரருக்குக் கைத்தடியும் விளக்கும் அவசியமென்பதை யாவரும் ஒப்புவர். சில சங்கத்தார் ஊதலும் வாங்கிக் கொடுப்பதுண்டு. அதுவோ பெரும்பாலும் புகையிலைப் பொட்டலத்தோடு பையின் அடியிற் கிடக்கும். ஆபத்து வேளையில் தேடியெடுக்க வேண்டிய ஊதல் இல்லாததற்குச் சமானமே.

லண்டன் மாநகரப் போலீஸார் முற்காலத்தில், கையிற் பிடித்துச் சுழற்றினால் கடகடவென்று சத்தமிடும் மரக் கருவியைக் கொண்டே உதவிக்கு ஆள் அழைத்தனர். அதற்கு ஒரு கை முழுவதும் வேண்டியிருந்தது. பர்மிங்ஹாம் நகரத்து ஜோசப் ஹட்ஸன் செய்த ஊதலை 1883-ஆம் வருஷத்தில் அவர்கள் ஏற்றுக்கொண்டனர். பல்லிற் கவ்வி ஊதலாம்; இரு கைகளும் வேறு வேலைக்கு உதவும்.

அவ்வூதலில் சிறிதே நீளம் வேறுபட்ட இரண்டு அறைகள் உண்டு. கூரிய விளிம்பில் மோதும் காற்று நடுங்குவதால் ஓசை பிறக்கிறது. அறை நீளங்குறைந்தால் ஓசை கூர்மையாகும். ஏறக்குறைய ஒத்த இரண்டு ஓசைகள் ஒருங்கே எழும்போது ஒருவகைத் துடிப்பு உண்டாகிறது. வண்டிச் சத்தத்தினிடையிலும் செவி அதை எளிதில் பிரித்தறியும். உள்ளே தக்கையுருண்டை உருளும் ஊதல் வேறு வகை. எச்சிலும் தூசியும் சேர்ந்தால் உருண்டை ஒட்டிக்கொள்ளும். கனடாவில் 1987-இல் வெளிவந்த உருண்டையில்லா ஊதலுக்கு இத்தொல்லை இல்லை.

இனிக் கயிறு. பாய்மரத்தின் மேலேறி இரு கைகளாலும் வேலை செய்த மாலுமிகள், கத்தி முதலியன கடலில் விழாதபடி உடலோடு கயிற்றாற் பிணைத்துக்கொண்டனர். நம் நாட்டுப் போலீஸார் தோளிலிருந்து சட்டைப் பைக்குச் செல்லும் கயிறும் அவ்வகையதே. அதை வெறும் அலங்காரமென்று நினைப்போர் பலர்.

கயிறு வாய்க்குத் தாராளமாக எட்டினாற் போதும். இடுப்புக்குக் கீழே தொங்கலாகாது. கழுத்தைச் சுற்றி இறுக முடிவது பெருந்தவறு. திருடன் கையிற் சிக்கினாலும், தண்ணீர் இறைக்கும் எஞ்சினின் வாரிற் சிக்கினாலும் அதுவே சுருக்காகிவிடும். நைலான் கயிறு எளிதில் அறாதாகையால் அபாயம் அதிகம். பலமாக இழுத்தால் தானே விடுபடும் கொக்கி வைத்த கயிறுகள் விற்கப்படுகின்றன. அவை கிடையாவிடில், தோளிலேயே மாட்டிக்கொள்ளலாம். அல்லது கயிற்றின் இரு முனைகளையும் முடியாமல், மெல்லிய தையல் நூலால் மட்டும் சேர்த்துக் கட்டலாம். காவற்காரரிடம் கொடுக்குமுன் கையால் வெடுக்கென்று இழுத்துப் பார்க்க வேண்டும். நூல் அறாவிடில் இன்னும் மெல்லியதாக மாற்றுக.