நாளை வரை நில்லாத பொருள்



உழவர் வீட்டுப் பொருள்கள் பலவற்றுள் நாளை வரை நில்லாத பொருள் ஒன்று உண்டு. நெல்லைக் குதிரில் கொட்டி வைக்கலாம். பருத்தியைப் பொதியாகக் கட்டி, விலை ஏறும் வரையில் வீட்டில் அடுக்கி வைக்கலாம். வாழைத்தாரும் இரண்டொரு நாள் பொறுக்கும். பாலோ விடியற்காலையில் கறந்தால், காய்ச்சாது விட்டுவிட்டால், நண்பகலுக்குள் கெடத் தொடங்கிவிடும். மாலையில் மடி மறுபடியும் நிறைந்துவிடும். ஆதலால் கறவாமலும் இருத்தல் இயலாது. விற்பவன் காத்திருக்க இயலாத இடத்தில் வாங்குபவன் சொன்னதே விலை. ஆண்டுதோறும் நவம்பர் 26-ஆம் நாளை நம் நாட்டில் தேசியப் பால் தினமாகக் கொண்டாடுகின்றோம். அத்தினத்தின் பொருளை அறிய விரும்புவோர் முதலில் பாலின் இந்த அவசரத்தை அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

பாலைக் கெடுப்பவை நுண்ணுயிர்கள். அவை பாலிலுள்ள சர்க்கரையை உண்டு அமிலமாக மாற்றுகின்றன. வெப்பமான நாளில் அவை அரைமணிக்கு ஒருமுறைகூட இரட்டித்துப் பெருகக்கூடும். கணக்கில் விருப்பமுடையவர்கள் போட்டுப் பாருங்கள்: ஆறு மணி நேரத்தில் பன்னிரண்டு முறை இரட்டிப்பு, ஒன்று 4,096 ஆகிவிடும். பாலை 63 பாகை செல்சியசில் அரைமணி நேரமோ, 72 பாகையில் 15 விநாடியோ வைத்திருந்து, உடனே நன்றாகக் குளிரச் செய்தால் நோய்தரும் கிருமிகள் மடிகின்றன. எஞ்சியவை பெருகுவதும் தாமதப்படுகின்றது. பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டரின் பெயரால் வழங்கும் முறை இது.

இயந்திரம் இல்லாத காலத்தில் நம் முன்னோர் என் செய்தனர்? பெரும்பாணாற்றுப்படையில் ஓர் ஆய்மகள் வருகிறாள். அவள் விற்பது பால் அன்று, மோர். மோருக்கு நெல் பெற்றுச் சுற்றத்தாரை உண்பிக்கின்றாள். நெய்க்கோ பொன்னையும் கொள்ளாமல் எருமையும் பசுவும் கன்றுமாகப் பெறுகின்றாள். நில்லாத பாலை நிற்கும் நெய்யாக்கிய பிறகே அவளுக்கு விலை பேசும் உரிமை வந்தது என்று எனக்குத் தோன்றுகின்றது. இலக்கிய ஆசிரியர்கள் இவ்விடத்தை வேறு வகையில் நயம் பாராட்டுவார்கள். நான் அறிவியல் பாடம் நடத்தியவன்.

இனி, குஜராத்தில் உள்ள ஆனந்த் என்னும் ஊருக்குச் செல்வோம். இவ்வூர் அக்காலத்தில் பம்பாய் மாகாணத்தின் கைரா மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. எருமை வளர்ப்பில் பெயர்பெற்ற வட்டாரம் அது. 1945-இல் பம்பாய் அரசாங்கம் நகர மக்களுக்கு நல்ல பால் வழங்க ஒரு திட்டம் வகுத்தது. ஆனந்திலிருந்து பம்பாய்க்கு இருப்புப் பாதை வழியே நானூறு கிலோமீட்டருக்கு மேல். பாலைக் கொள்முதல் செய்து, பதப்படுத்தி, அவ்வளவு தொலைவு அனுப்பும் வசதி பால்சன் என்ற வணிக நிறுவனத்திடமே இருந்தது. ஆதலின் உரிமையும் அதனிடமே சென்றது. நகரத்தார்க்குப் பால் கிடைத்தது. அரசாங்கத்தின் திட்டமும் நிறைவேறிற்று. எருமை வளர்த்தவர்க்கு வந்த விலை மட்டும் உயரவில்லை. வேறு எவரிடம் விற்பது?

உழவர்கள் சர்தார் வல்லபபாய் படேலிடம் முறையிட்டனர். நீங்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்து, நீங்களே பாலைப் பதப்படுத்தி விற்க வேண்டும் என்பது அவர் கூறிய வழி. அவர் அனுப்பிய மொரார்ஜி தேசாயின் தலைமையில் 1946 ஜனவரி 4-ஆம் நாள் சமர்க்கா என்னும் சிற்றூரில் கூட்டம் நடந்தது. அரசாங்கம் இணங்காவிடில் ஒருவரும் பால் விற்பதில்லை என்று முடிவாயிற்று. பதினைந்து நாட்கள் கைராவிலிருந்து வணிகருக்குப் பால் செல்லவில்லை. நில்லாத பொருளை வைத்திருப்பவன் வேலைநிறுத்தம் செய்வது எளிதன்று. ஆலைத் தொழிலாளி கூலியை இழப்பான். இவனோ கூலியை இழப்பதோடு, இரு வேளையும் கறந்து, அதைத் தன் கண்முன்னே வீணாக்கவும் வேண்டும். அதையும் செய்தார்கள். அரசாங்கம் இணங்கியது. 1946 டிசம்பர் 14-இல் கைரா மாவட்டக் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் சங்கம் பதிவாயிற்று. திரிபுவனதாஸ் படேல் தலைமையேற்றார். 1948-இல் பம்பாய்க்குப் பால் அனுப்பத் தொடங்கியபொழுது அதன்கீழ் இருந்தவை இரண்டு ஊர்ச் சங்கங்கள். நாளொன்றுக்குச் சேர்ந்த பால் சுமார் 250 லிட்டர்.

அடுத்த ஆண்டு மே மாதத்தில் ஆனந்துக்கு ஓர் இளைஞர் வேண்டா வெறுப்பாக வந்து சேர்ந்தார். அவர் வர்கீஸ் குரியன். 1921 நவம்பர் 26-இல் கோழிக்கோட்டில் பிறந்தவர். சென்னை இலயோலாக் கல்லூரியிலும் கிண்டிப் பொறியியல் கல்லூரியிலும் பயின்றவர். பால் தொழில் கற்றுவர அரசாங்கம் உதவித்தொகை அளித்து அமெரிக்காவுக்கு அனுப்ப, அவருடைய நாட்டமோ உலோகவியலில் இருந்தது. திரும்பியபின் ஒப்பந்தப்படி ஆனந்திலிருந்த அரசாங்கப் பாலேட்டு நிலையத்தில் பணிபுரிய வேண்டியவரானார். அருகே திரிபுவனதாசின் சங்கத்தில் பழைய இயந்திரங்கள் அடிக்கடி பழுதாகும். இவர் சென்று சீர்செய்து தருவார். ஒப்பந்தம் முடிந்து புறப்படும் வேளையில், புதிய இயந்திரத்தைப் பொருத்தும் வரையிலாவது இருக்கும்படி திரிபுவனதாஸ் கேட்டுக்கொண்டார். இருந்தவர் 2012-இல் மறையும் வரையில் அப்பகுதியை விட்டுச் செல்லவில்லை. அவருக்குப் பால் அருந்துவதில் விருப்பமில்லை என்பதை அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். பாலைக் கண்டால் முகம் சுளிக்கும் சிறுவர்கள் இதனைத் தாய்மாரிடம் எடுத்துக்காட்டாகக் கூறாதிருப்பார்களாக!

பாலைப் பதப்படுத்தி அனுப்ப வழி பிறந்தும் பாதித் துன்பமே தீர்ந்தது. குளிர்காலத்தில் எருமைகள் கோடையைக் காட்டிலும் மிகுதியாகக் கறக்கும். நகரமோ ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவுதான் குடிக்கும். மிஞ்சிய பால் மீண்டும் உழவன் தலையில் விழுந்தது. அதனைப் பொடியாக்கினால் கோடை வரையில் வைத்திருக்கலாம். ஆனால் எருமைப்பாலைப் பொடியாக்க இயலாது என்பதே மேல்நாட்டு நிபுணர் பலருடைய கருத்து. அவர்கள் நாட்டில் எருமைப்பால் இல்லை. முயல வேண்டிய தேவையும் இல்லை. அமெரிக்காவில் குரியனுடன் பயின்ற எச். எம். தலாயா என்பவர் ஆனந்தில் அதைச் செய்து காட்டினார். 1955 அக்டோபர் 31-இல் பிரதமர் நேரு திறந்துவைத்த தொழிற்சாலையில் எருமைப்பால் பொடி உருவாகத் தொடங்கிற்று. அமுல் என்று இன்று நாடெங்கும் அறியப்படும் பெயர் இச்சங்கத்தின் பொருள்களுக்குரியதே. மேடைகளில் குரியனின் பெயர் ஒலிக்கும் அளவுக்குத் தலாயாவின் பெயர் ஒலிப்பதில்லை என்பது எனக்கு ஒரு குறையாகவே படுகின்றது.

பொழுதை வென்றாயிற்று, எஞ்சியது அளவை. வாங்குபவன் 'உன் பால் தண்ணீர்' என்றால் விற்பவன் எதைக்கொண்டு மறுப்பான்? வகுப்பில் அடர்த்திப் பாடம் நடத்தும்பொழுது பால்மானியை நான் மேசைமேல் வைப்பதுண்டு. தண்ணீர் கலந்த பாலில் அது ஆழ்ந்து அமிழும், மாணவர்கள் மகிழ்வார்கள். பிறகு வேறொரு குவளையைக் காட்டுவேன். அதில் பால்மானி நல்ல பாலில் நிற்பதுபோலவே நிற்கும். ஆனால் அதில் ஏட்டை எடுத்துவிட்டுத் தண்ணீர் சேர்த்திருப்பேன்! கொழுப்பு பாலைவிட இலேசானது. அதனை நீக்கினால் பாலின் அடர்த்தி கூடும். தண்ணீர் சேர்த்தால் குறையும். ஒன்றை ஒன்று மறைத்துவிடும். ஆகவே பால்மானி ஒன்றையே நம்பி விலை வைத்தல் கூடாது.

இதற்குத் தீர்வு கண்டவர் சுவிட்சர்லாந்து நாட்டு வேதியியலார் நிக்லாஸ் கெர்பர். பாலோடு கந்தக அமிலத்தையும் சிறிது அமைல் ஆல்ககாலையும் ஒரு கண்ணாடிக் குழாயில் இட்டு வேகமாகச் சுழற்றினால், அமிலம் புரதத்தைக் கரைத்துவிட, கொழுப்பு தனியே கழுத்துப் பகுதியில் திரண்டு நிற்கும். அங்குள்ள கோடுகளில் அதன் விழுக்காட்டைப் படித்துக்கொள்ளலாம். ஆனந்த் முறையில் ஒவ்வோர் ஊர்ச் சங்கமும் ஒவ்வொருவர் பாலையும் இவ்வாறு சோதித்தே விலை கொடுத்தது. கொழுப்பை மட்டும் பார்த்தால் பசு வளர்ப்போர் நட்டப்படுவர் என்பதால், கொழுப்பு நீங்கலான திடப்பொருளுக்கும் விலை வைக்கும் முறை பின்னர் வந்தது. வரிசையில் முன்னே வந்தவர் முன்னே ஊற்றுவார். அவர் யார் வீட்டுப் பிள்ளை என்பது குழாயில் இருக்கும் கொழுப்புக்குத் தெரியாது.

1964-இல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி ஆனந்துக்கு வந்து, அருகிலுள்ள ஒரு சிற்றூரில் இரவு தங்கி, இம்முறையை நேரில் கண்டார். அடுத்த ஆண்டே தேசியப் பால்வள வாரியம் ஆனந்தில் நிறுவப்பட்டுக் குரியன் தலைவரானார். 1970-இல் தொடங்கிய 'ஆபரேஷன் ஃப்ளட்' திட்டத்தின் நுட்பம் ஒன்றை மட்டும் சொல்கிறேன். அக்காலத்தில் ஐரோப்பாவில் பால்பொடியும் வெண்ணெய்க் கொழுப்பும் மிதமிஞ்சிக் குவிந்திருந்தன. அவற்றை நன்கொடையாக நம் நகரங்களில் இலவசமாக இறைத்திருந்தால் உள்நாட்டுப் பாலின் விலை வீழ்ந்து, நம் உழவன் மாட்டையே விற்றிருப்பான். வாரியமோ அவற்றைப் பாலாகக் கலந்து, நகரத்தில் உரிய விலைக்கே விற்று, வந்த பணத்தைக் கொண்டு ஊர்ச் சங்கங்களையும் குளிரூட்டும் நிலையங்களையும் அமைத்தது. தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களும் இவ்வாறு கிராமங்களோடு இணைக்கப்பட்டன. 1996 வரை மூன்று கட்டங்களாக நடந்த திட்டம் இது.

1950-51-இல் நாட்டின் பால் உற்பத்தி 1 கோடியே 70 லட்சம் டன். ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 130 கிராம். 2023-24-இல் அது ஏறக்குறைய 23 கோடியே 93 லட்சம் டன். ஆளுக்கு 471 கிராம். 1998 முதல் உலகில் மிகுதியாகப் பால் உற்பத்தி செய்யும் நாடு இந்தியா. இவ்வளவும் கூட்டுறவினால் மட்டும் விளைந்தது என்று கூறிவிடுதல் மிகையாகும். கறக்கும் பாலில் பெரும் பகுதி இன்றும் சங்கங்களுக்கு வருவதில்லை. வீட்டில் உண்பது போக, எஞ்சியது தனி வணிகரிடமே செல்கின்றது. அங்கே அளவை பலவாறாக இருக்கின்றது. மற்றொன்று: தீனி வைப்பவரும் சாணி அள்ளுபவரும் பெரும்பாலும் பெண்கள், சங்கப் பதிவேட்டிலோ பல ஊர்களில் கணவன் பெயரே நெடுநாள் இருந்தது. மகளிர் மட்டுமே உறுப்பினராக உள்ள சங்கங்கள் தோன்றியது பிற்காலத்தில்தான்.

குரியன் பிறந்த நாளைப் பால் தினமாகக் கொண்டாடும் வழக்கம் 2014-இல் தொடங்கியது. அரசியலமைப்பு நாளும் அதே நவம்பர் 26 ஆதலின், பள்ளிகளில் இது பெரும்பாலும் பின்னுக்குப் போய்விடுகின்றது. உங்கள் ஊரில் பால் சங்கம் இருக்குமாயின் அன்று காலை ஆறு மணிக்கு அங்கே செல்லுங்கள். இப்பொழுது அமிலமும் சுழற்சியும் இல்லாமல் ஒரு மின்கருவியே கொழுப்பைச் சொல்லிவிடும் ஊர்கள் பல. பால் ஊற்றிய ஒருவரிடம் அவருடைய சீட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கொழுப்பு எவ்வளவு, ஏனைய திடப்பொருள் எவ்வளவு, விலை எவ்வாறு வந்தது என்று கணக்கிட்டுப் பாருங்கள். கணக்கு ஒத்து வராவிட்டால் அங்கேயே கேளுங்கள். கேட்பதற்காகவே அந்தச் சீட்டு கொடுக்கப்படுகின்றது.